கணினிக்குள் ஒளிந்திருந்தது

மருதமுனையில் அம்ஹாவைத் தெரியாத கல்யாண வீடு குறைவு. ஆண்கள் பக்கத்தை அவளுடைய அண்ணன் சப்ரி படம் எடுப்பான். பெண்கள் பக்கம் அம்ஹாவுடையது. எடுப்பது அம்ஹா என்பதால் மணப்பெண்கள் முக்காட்டை விலக்கிவிட்டு, கூச்சமில்லாமல் அவளுடைய கேமராவுக்கு முன்னால் நிற்பார்கள். அந்தப் படங்களை அடுக்கிக் கல்யாண அல்பமாக்கத்தான் இருவரும் சேர்ந்து புதுக் கணினி வாங்கினார்கள். வேலை முடிந்த பிறகு அது அவளுடைய விளையாட்டுக்கு.

விளையாட்டிலும் அவள் லேசான ஆளில்லை. இணையத்தில் சுடும் விளையாட்டு ஆடும் பெண்கள் அணியில் அவளும் ஒருத்தி. தலைவி பக்கத்து ஊரான பாண்டிருப்புச் சுலக்சனா. ஒரு போட்டியில் அரையிறுதி வரை வந்துவிட்டார்கள். அந்த நேரம் பார்த்துத்தான் கணினி சண்டித்தனம் செய்தது.

வாங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை. முன்பு வழுக்கிக்கொண்டு ஓடிய விளையாட்டு இப்போது விக்கி விக்கி நகர்ந்தது. அவள் துப்பாக்கியைத் திருப்புவதற்குள் எதிராளி சுட்டுவிடுவான்.

"இப்பிடியே போனா நாளைக்கு வேற ஆளத்தான் போடோணும் அம்ஹா," என்றாள் சுலக்சனா, ஹெட்போனில். அவள் கோபமில்லாமல் சொன்னதுதான் அம்ஹாவுக்குக் கூடுதலாக வலித்தது.

படத்தின் தரத்தைக் குறைத்துப் பார்த்தாள். விளையாட்டை அழித்துவிட்டு மறுபடி ஏற்றினாள். பெட்டியைத் திறந்து தூசி ஊதினாள். மேசை விசிறியைப் பக்கத்தில் வைத்தாள். ஒன்றும் சரிவரவில்லை.

போட்டி நாள் காலையில்தான் அதைக் கவனித்தாள். விளையாட்டைத் திறக்கவேயில்லை, ஆனாலும் உள்ளிருந்த விசிறி இரைந்துகொண்டிருந்தது. எது இப்படி வேலை வாங்குகிறது என்று பார்க்க டாஸ்க் மேனேஜரைத் திறந்தாள். இரைச்சல் அடங்கியது. மூடினாள். கொஞ்ச நேரத்தில் மீண்டும் இரைந்தது. திறந்தாள், அடங்கியது.

உள்ளே ஏதோ ஒன்று, ஆள் பார்த்தால் ஒளிந்துகொள்கிறது.

டாஸ்க் மேனேஜரை மூடாமல் ஒரு மூலையில் விட்டுவிட்டு விளையாட்டை ஓட்டினாள். வாங்கிய புதிதில் ஓடியதுபோல ஓடியது. இப்படியே வைத்துக்கொண்டு அரையிறுதியை ஆடிவிடலாம். அவள் சிரித்தபோதுதான் சப்ரி அறைக்குள் வந்தான்.

"காக்கா, இதுக்குள்ள புதுசா ஏதும் போட்டீங்களா?"

"அல்பம் செய்யிற சொப்ட்வெயார் மட்டும்தான். கூட்டாளி ஒருத்தன் சும்மா தந்தான். என்னத்துக்குக் கேக்கிறாய்?"

"அதோட களவு புரோகிராம் ஒண்டும் வந்திரிக்கி. நம்மட கொம்பியூட்டர வெச்சி ஆருக்கோ கிரிப்டோ காசு உழைச்சிக் குடுக்குது. ஆள் பாத்தா ஒளியிறது அந்தச் சாமான்தானாம். அதான் கேம் இழுபடுது."

"வேற என்ன செய்யும் அது?"

"தெரியா."

சொன்ன பிறகுதான் அவளுக்கே அது உறைத்தது. முக்காடில்லாமல் எடுத்த நிந்தவூர் மணப்பெண் அஸ்மியாவின் கல்யாணப் படங்கள் முழுவதும் இந்தக் கணினியில்தான் இருந்தன.

"நெட்டக் கழட்டு," என்றான் சப்ரி.

"பின்னேரம் அசர் தொழுகைக்குப் பொறகு மெட்ச் காக்கா. முடிஞ்ச ஒடன கழட்டுறன்."

அம்ஹா திரையைப் பார்த்தாள். அஸ்மியாவின் படங்கள் இருந்த கோப்புறையின் மேல் அவளுடைய விரிந்த கூந்தல் சிறிதாகத் தெரிந்தது. இத்தனை நாட்களும் அந்தக் களவு புரோகிராமுக்கு அது திறந்தேதான் கிடந்திருக்கிறது. இன்னும் கொஞ்ச நேரத்தால் என்ன வந்துவிடும் என்று மனம் வாதாடியது. கை மேசைக்குப் பின்னால் போய் இணைய வயரை இழுத்துக் கழற்றியது.

சுலக்சனாவுக்குப் போன் எடுத்து, ஆட முடியாது என்றாள்.

"இண்டைக்கா சொல்றீங்க?" என்று கேட்டாள் சுலக்சனா.

"ஓம். காலையிலதான் தெரிஞ்சிது. வேற ஆளப் போடுங்க."

சுலக்சனா அப்படியே இணைப்பைத் துண்டித்தாள்.

சப்ரி படங்களை ஹார்ட் டிஸ்க் ஒன்றில் பிரதி எடுத்துவிட்டு, கணினிக்குள் இருந்த எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக ஏற்றினான். அம்ஹா போனில் போட்டியைப் பார்த்தாள். அணி தோற்றது. அவள் நிற்கும் இடத்தில் நின்ற பெண் தடுமாறியதை எல்லோரும் பார்த்திருப்பார்கள்.

மறுநாள் இருவரும் நிந்தவூருக்குப் பஸ் ஏறினார்கள். சப்ரி அஸ்மியா வீட்டு வாசலிலேயே நின்றுகொண்டான். உள்ளே போய் அம்ஹா நடந்ததைச் சொன்னாள்.

அஸ்மியா முந்தானையை இழுத்துப் பிடித்தாள். "படம் வெளிய போயிட்டா?"

"போன மாதிரித் தெரியல்ல. ஆனா போகல்ல எண்டு சத்தியம் பண்ண ஏலா."

அஸ்மியாவின் உம்மா எழுந்து அடுப்படிக்குள் போய்விட்டார்.

"எல்லாத்தையும் எனக்கிட்டத் தாங்க. ஒங்களுக்கிட்ட ஒண்டும் இரிக்கப்படா," என்றாள் அஸ்மியா.

அம்ஹா கொண்டுபோன ஹார்ட் டிஸ்க்கை அவள் கையில் கொடுத்தாள். அந்த அல்பம் பிறகு செய்யப்படவேயில்லை. பெண்களின் படங்களுக்கென்று இப்போது இணையமே இல்லாத பழைய மடிக்கணினி ஒன்று வைத்திருக்கிறாள். அழித்துச் சுத்தமாக்கிய கணினி விக்கலில்லாமல் ஓடுகிறது. சுலக்சனா அவளை மறுபடி சேர்த்துக்கொண்டிருக்கிறாள், ஆனால் யாராவது வராவிட்டால் மட்டும் ஆடும் மேலதிக ஆளாக.