மூன்று வெயிட் இந்தப் பக்கம், மூன்று அந்தப் பக்கம்

மூன்றாம் வகுப்பு படிக்கும்போது ஒரு மஞ்சள் நிற ஸ்போர்ட்ஸ் காரை நான் கெடுத்திருக்கிறேன். நல்லது செய்வதாக நினைத்துத்தான் செய்தேன்.

தேனியிலிருந்து நாங்கள் கொச்சியின் மட்டாஞ்சேரிக்கு வந்து அப்போது ஓராண்டுகூட ஆகவில்லை. அப்பாவுக்குக் கட்டட வேலை, அம்மாவுக்கு ஓட்டல் சமையலறை. இருவரும் வீடு திரும்ப இருட்டிவிடும். அதனால் பள்ளி விட்டதும் சித்தப்பா வேலை பார்த்த டயர் கடையில் போய் உட்கார்ந்துகொள்வேன். கடை முதலாளி அதற்கு ஒரே நிபந்தனைதான் போட்டிருந்தார்: குழந்தை எதையும் தொடக்கூடாது.

சித்தப்பாவிடம் இருந்தது வீல் பேலன்சிங் மெஷின்; சக்கரம் உதறாமல் ஓட எந்த இடத்தில் எவ்வளவு வெயிட் சேர்க்க வேண்டும் என்று அது காட்டும். கடையிலேயே மதிப்பான வேலை அது. அன்று வந்த அந்த மஞ்சள் காரின் ரிம்கள் கன்னங்கரேலென்று மின்னின. சாதாரணக் கார்களுக்கு ரிம் ஓரத்தில் தட்டிப் பொருத்தும் வெயிட்டை சித்தப்பா தொடவே இல்லை.

"இத அடிச்சா கீறல் விழுந்துரும் பாப்பா. இதுக்கு ஒட்டுறதுதான்" என்றார்.

ஒட்டுவதிலும் வெள்ளி நிறத்தை ஒதுக்கிவிட்டுக் கறுப்பை எடுத்தார். வீலைச் சுழலவிட்டதும் திரையில் முப்பது என்று வந்தது. ஐந்து கிராம் துண்டுகள் ஆறு. மெஷின் காட்டிய இடத்தை ரிம்மின் உட்புறத்தில் அழுந்தத் துடைத்து, வெளியிலிருந்து கண்ணில் படாதபடி வரிசையாக ஒட்டி, கட்டைவிரலால் நெடுநேரம் அழுத்திப் பிடித்தார். மறுபடி சுழற்றியபோது பூஜ்யம். வீலை என் பக்கத்துச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு அடுத்ததைக் கழற்றப் போனார்.

நான் குனிந்து பார்த்தேன். ஆறு துண்டும் ஒரே பக்கத்தில் இருந்தன! பேலன்ஸ் என்றால் இரு பக்கமும் சமம் என்று அந்த வாரம்தான் டீச்சர் தராசை வைத்துக் காட்டியிருந்தார். பாவம், சித்தப்பா அதிகம் படிக்காதவர். மூன்று துண்டுகளை நகத்தால் நெம்பியெடுத்து, நேர் எதிரே ஒட்டினேன். அவரைப் போலவே கட்டைவிரலால் அழுத்தி நூறு வரை எண்ணினேன்.

கார் போன அரை மணி நேரத்தில் திரும்பி வந்தது. வில்லிங்டன் தீவின் நேர்ச்சாலையில் வேகமெடுத்ததும் ஸ்டியரிங் உதறியிருக்கிறது. ஓட்டிவந்த இளைஞர் சத்தம் போடவில்லை. பக்கத்து சீட்டிலிருந்த புது மனைவி இறங்கவே மறுத்துவிட்டாள். அவர்கள் இருவருக்கும் சேர்த்து முதலாளி சத்தம் போட்டார்.

சித்தப்பா வீலைக் கழற்றி உள்ளே பார்த்தார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறப்பதற்குள் முதலாளியிடம் திரும்பி, "என்டெ தெற்றாணு சேட்டா" என்றார். என் தப்புதான் என்று அர்த்தம். முதலாளியால் நம்ப முடியவில்லை.

"நீயா? நீ ஒட்டியதா இது?"

"ஞான் தன்னே." நானேதான் என்றார்.

வீட்டுக்கு நடக்கும்போதுதான் கேட்டார்: "ஏன் பாப்பா மூணை மட்டும் மாத்துன?"

தராசுக் கணக்கைச் சொன்னேன். நின்று சிரித்தார்.

"உன் கணக்குல தப்பில்ல. அந்த வீலு ஒரு பக்கம் முன்னாடியே கனமா இருந்துச்சு. அதுக்கு ஈடாத்தான் எல்லாத்தையும் மறுபக்கம் வச்சேன். போகட்டும், அப்பாகிட்ட சொல்லாத."

நான் தொட்டேன் என்று அவர் சொல்லியிருந்தால், மறுநாள் பள்ளி விட்டதும் நான் எங்கே போயிருப்பேன்? அப்போது அது எனக்குத் தோன்றவே இல்லை.

மறுநாள் போனபோது மெஷினில் வேறொருவர் நின்றார். சித்தப்பா கடை வாசலில், வெயிலில், தண்ணீர்த் தொட்டி முன்னால் குத்துக்காலிட்டு பஞ்சர் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவரை ஒட்டியே உட்கார்ந்தேன். டியூப்பை அவர் நீரில் அமுக்க, குமிழி வரும் இடத்தை நான் விரல் நீட்டிக் காட்டினேன். முதலாளிகூட ஒன்றும் சொல்லவில்லை.

அன்று அம்மா வந்ததும் வராததுமாக ஓடிப்போய்ச் சொன்னேன்: "சித்தப்பாவுக்கு இப்பத்தாம்மா நல்ல வேலை குடுத்திருக்காங்க!"