சந்தனம் பட்ட குழாய்

தாட்சாயணிக்கு எதைப் பார்த்தாலும் அருவருப்பு. விஜயபுரத்தில் கம்பெனி பஸ் ஏறினால் சீட்டைத் துடைக்காமல் உட்கார மாட்டாள். அவள் டப்பாவில் யாராவது கை வைத்துவிட்டால் அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்காது. "ஓவராத்தான் பண்ணிக்கினு இருக்கா" என்று நாங்கள் முகத்தைச் சுளிப்போம்.

தடாவுக்குப் பக்கத்தில் எங்கள் கம்பெனி. வெளிநாட்டு ஆராய்ச்சிக்கூடம் ஒன்றுக்கு எஃகுக் குழாய் செய்து அனுப்புகிறோம். அது எதற்கு என்று சொன்னவளும், திருப்பதியில் எம்.எஸ்சி. பௌதிகம் படித்த தாட்சாயணிதான். அங்கே முடுக்கி என்ற பெரிய இயந்திரத்தில் அயனிகளை, அதாவது மின்னேற்றம் உள்ள அணுக்களை, வேகமாக ஓடவிடுவார்களாம். அவை ஒரே பக்கமாக ஓடினாலும், திருவிழாக் கூட்டம் மாதிரி தள்ளுமுள்ளோடுதான் ஓடுமாம். அந்தத் தள்ளுமுள்ளுதான் சூடு. அமைதியான எலக்ட்ரான்களை அதே வேகத்தில் கொஞ்ச தூரம் கூடவே ஓடவிட்டால், அந்தச் சூட்டை அவை வாங்கிக்கொள்ளும். பிறகு அவற்றை விலக்கிவிட்டுப் புதியவற்றை விடுவார்கள். அந்தக் கூட்டு ஓட்டம் நடப்பது எங்கள் குழாய்க்குள். உள்ளே காற்று இருக்கவே கூடாது. ஒரு விரல் பட்ட எண்ணெய்ப் பிசுக்குகூட ஆவியாகிக்கொண்டே இருக்கும், அயனிகள் அதில் மோதி வீணாகும். அதனால் குழாயைக் கழுவி, பெரிய அடுப்பில் சுட்டு, கையுறையோடு மூடுவோம். அந்தப் பிரிவுக்குத் தாட்சாயணிதான் பொறுப்பு.

ஆயுத பூஜையன்று மேனேஜர் ஹேமநாத் சந்தனக் கிண்ணத்தோடு வந்தார். லேத்துக்கு, கிரேனுக்கு, தண்ணீர் கேனுக்குக்கூடப் பொட்டு வைத்தார். சுட்டு முடித்து மூடக் காத்திருந்த குழாயையும் அவர் விடவில்லை. வெளியே வைத்தால் லாரியில் அழிந்துவிடுமாம். குழாயின் வாய்க்குள் விரலை விட்டு உள்பக்கமாகச் சந்தனத்தை அப்பி, மேலே குங்குமம் வைத்தார். வழிந்ததை வேட்டி நுனியால் துடைத்தார்.

"சார், உள்ள தொட்டுட்டீங்க. மறுபடியும் கழுவிச் சுடணும்" என்றாள் தாட்சாயணி.

"சாமி பொட்டு அழுக்காம்மா? ஏமி காது, ஒண்ணும் ஆவாது. ஸ்பிரிட் போட்டுத் துடைச்சி மூடு. நாளைக்கு லாரி வருது."

"துடைச்சா போவாது சார். அங்க காத்த உறிஞ்ச பம்ப் போட்டதும் தெரிஞ்சிடும். அவங்க வேலையே கெட்டுப்போவும்."

"அப்ப பாத்துக்கலாம். உன்னால ஆவலன்னா சுனில் மூடுவான். நீ வூட்டுக்குப் போய்க்கினே இரு."

அவள் பிரிவிலேயே வேலை பார்க்கும் சுனில் குழாய் மூடியைத் தூக்கிக்கொண்டு வந்தான். நாங்கள் பூஜை வடையைத் துன்னுகினு வேடிக்கை பார்த்தோம். எங்கள் வாய் வடைக்கு மட்டும்தான் திறந்தது. மானங்கெட்ட கூட்டம்.

தாட்சாயணி நேரே என்னிடம் வந்தாள். என் இலையில் நான் கடித்து வைத்திருந்த வடையை எடுத்துக் கடித்தாள். கண்ணை மூடிக்கொண்டு மென்றாள். விரல்களை ஒவ்வொன்றாக நக்கினாள். பிறகு எண்ணெயும் எச்சிலுமான அந்தக் கையை முழங்கை வரை குழாய்க்குள் விட்டு, பொட்டின் மேலேயே தேய்த்தாள்.

ஹேமநாத் பதறிப் பின்னால் போனார். "சீச்சீ! எச்சிக் கையா! சாமி பொட்டு வெச்ச எடத்துல! கழுவுங்கடா! மொத்தமா கழுவுங்க!"

"சுடணுமா சார்?" என்றாள்.

"சுட்டுத் தொலைங்க! எச்சி பட்டத எப்பிடி அனுப்புறது? லாரி அப்புறமா வரட்டும்."

சுனில் மூடியைக் கீழே வைத்தான். அதற்குள் அவள் வாஷ்பேசினுக்கு ஓடியிருந்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, என் வடை மொத்தமும் வெளியே வரும்வரை வாந்தி எடுத்தாள். முகம் கழுவி, கையுறை மாட்டிக்கொண்டு திரும்பி வந்து, "குழாயத் தூக்குங்க" என்றாள்.