புல்லுக்கு விட்ட பாதி

வாகரையில் மணல் மூடிய காணிகளில் எதை எங்கே பயிரிடுவதென்று ஊராரோடு பேச வரைபடத்தை விரித்தேன். காற்று உருட்டிவந்த இராவணன்மீசைப் புல்லின் முள்ளுருண்டையொன்று அதன்மேல் ஏறி நின்றது.

சிறுவயதில் இவற்றைத்தான் கடற்கரையெல்லாம் துரத்தினோம். வாடைக்காற்று எங்கள் கச்சான் தோட்டத்தில், நிலக்கடலைச் செடிகளின்மேல், சரசரவென்று மணல் கொட்ட, விடிய எழும்பி இலையிலையாய் உதறி அலுத்த அம்மா, ஒருநாள் கடலோரப் பாதியில் அந்தப் புல்லையே நட்டார்.

“பாதிக் காணியப் புல்லுக்கா குடுக்கிறாய்?” என்று அப்பா கத்தினார்.

“மத்தப் பாதி நமக்கு வேணுமே.”

புல் மணலைப் பிடித்துக்கொண்டது. சுனாமி தோட்டத்தைக் கொண்டுபோகும்வரை அந்த மற்றப் பாதிக் கச்சான்தான் என்னைப் படிப்பித்தது.

இன்று கூட்டத்தில் கடலோரப் பாதியைப் புல்லுக்கு விடச் சொன்னதும், ஒரு பெண் அப்பாவின் கேள்வியை அதே கோபத்தோடு கேட்டார். முள்ளுருண்டையை அவர் கையில் வைத்து, அம்மாவின் நாலு சொல்லையே சொன்னேன்.