ஒத்தப்புளியின் மூன்றாவது குரல்

முற்றிய புளியம்பழங்கள் காற்றில் ஒன்றோடொன்று உரசும்போது, காய்ந்த ஓட்டுக்குள் சுருங்கிப்போன சதை ஆடி, தூக்கத்தில் யாரோ பல்லைக் கடிப்பதுபோல ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் கேட்டுத்தான் எங்கள் ஊரில் மாசி மாதம் பிறந்தது தெரியும். வீட்டில் யார் கூப்பிட்டாலும் முதல் குரலுக்கே 'என்ன' என்று நான் எழுந்து ஓடுவதைப் பார்த்து என் பெண்ணும் பையனும் சிரிப்பார்கள். அது எங்கிருந்து வந்த பழக்கம் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

பரளச்சிக்குப் பக்கத்துக் கரிசல் ஊர் எங்களுடையது. கண்மாய்க்கு மேற்கே இருந்த புளியந்தோப்பு யாருக்கும் தனிச்சொத்து இல்லை, ஊருக்கே பொது. மாசியில் ஒரு சனிக்கிழமை வீட்டுக்கு ஓர் ஆள் கண்டிப்பாக வரவேண்டும் என்று சொல்லிவிடுவார்கள். ஆண்கள் ஏறிக் கிளை பிடித்துக் 'கொப்பு' உலுக்க, பெண்கள் சாக்கு விரித்துப் பொறுக்க, நாங்கள் செங்காயைக் கடித்துப் பல் கூசித் திரிய, சாயங்காலம் எல்லாப் பழத்தையும் ஒரே குவியலாகக் குவித்து, ஓலைப்பெட்டியால் அளந்து வீட்டுக்குச் சமமாகப் பிரித்துக்கொள்வோம்.

தோப்புக்கு ஒரே ஒரு கட்டுப்பாடு உண்டு. உச்சிப்பொழுதில் உன் பேரைச் சொல்லி யார் கூப்பிட்டாலும் மூன்றாவது குரல் வரும்வரை பதில் பேசக்கூடாது, அந்தப் பக்கம் திரும்பக்கூடாது. "அதுக்கு ரெண்டு தடவைக்கு மேல கூப்பிட வாய் வராதுடா. மூணாவது கேட்டா அது மனுசன்" என்பார் பேச்சியம்மாள் அத்தை. 'அது' என்றால் எது என்று நாங்கள் கேட்டதில்லை.

எனக்குப் பத்து வயதான வருஷம், உலுக்குகிறவர்களில் சூரன் எங்கள் பெரியப்பா மகன் முருகேசன் அண்ணன். இருபது வயது இருக்கும். தோப்பின் கடைசியில் தள்ளித் தனியாக நின்ற 'ஒத்தப்புளி' மட்டும் அன்று பாக்கி. உச்சிப்பொழுதில் கஞ்சி வந்துவிட்டது.

"ஏலே முருகேசா, கொரங்கெல்லாம் எறங்கிருச்சு, நீ இன்னும் எறங்கலயா?" என்றார் அத்தை.

"கொரங்குக்கு நீங்க சோறு வச்சிருப்பீக. எனக்கு யாரு வச்சா?"

"வாய்க்கொழுப்பப் பாரு. வந்து தின்னுட்டு ஏறுடா."

"ஒரு கொப்புதான் அத்த. முடிச்சிட்டு வாரேன்."

அண்ணன் இறங்கி ஒத்தப்புளிக்குப் போனார். நாங்கள் இருபது பேர் கண்மாய்க்கரை நிழலில் உட்கார்ந்தோம். காற்று நின்றது. பழங்களின் பல்லுக்கடிப்பும் நின்றது. அப்போது ஒத்தப்புளிப் பக்கமிருந்து குரல் வந்தது.

"ஏலே சேகரு!"

அண்ணன் குரலேதான், என் பேரைச் சொல்லி. எழப்போன என் முழங்காலை அத்தையின் கை அழுத்தியது. "அசையாத." எல்லோருடைய விரல்களும் கஞ்சிக்குள் அப்படியே நின்றன. யாரும் தலை நிமிரவில்லை.

"ஏலே சேகரூ..."

இரண்டாவது குரல் நீண்டு, இழுத்து, வெயிலில் கரைந்தது. நான் மூன்றாவதற்காகக் காத்திருந்தேன். எதுவும் கேட்கவில்லை.

"பாத்தியா, ரெண்டோட நின்னுருச்சு" என்றார் அத்தை பெருமூச்சோடு. மறுபடி எல்லோரும் சாப்பிட ஆரம்பித்தார்கள். நானும் என் கஞ்சியைக் கடைசிச் சொட்டுவரை குடித்தேன். அதை மறைக்காமல் உங்களிடம் சொல்லிவிடவேண்டும்.

நிழல் நகர்ந்து என் காலில் வெயில் பட்டபோதுதான், மூடி திறக்காத அண்ணனின் தூக்குவாளியைப் பார்த்தேன். அதைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். ஒத்தப்புளியில் ஒரு பெருங்கொப்பு பாதி பிளந்து தொங்கியது. அந்தப் பிளவில் ஒரு கால் நசுங்கிச் சிக்க, அண்ணன் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தார். நான் போட்ட அலறலுக்கு யாரும் மூன்று எண்ணவில்லை.

கயிறு கட்டி இறக்கி, டிராக்டரில் அருப்புக்கோட்டைக்குக் கொண்டுபோனார்கள். பாலவனத்தம் பஸ் எங்களைத் தாண்டிப்போன இடத்தில், என் மடியில் கிடந்த தலை கண்ணைத் திறந்தது.

"மூணு தடவ கூப்பிட்டேனேடா" என்றார். கோபமில்லை, கேள்விதான்.

"ரெண்டுதான்யா கேட்டுச்சு. இருபது பேருக்கும் ரெண்டுதான் கேட்டுச்சு" என்று அத்தை அழுதார்.

"மூணு அத்த. எண்ணித்தான் கூப்பிட்டேன். எனக்குத் தெரியாதா?"

ஒரு மணி நேரம் முந்திக் கொண்டுவந்திருந்தால் கால் சரியாகியிருக்கும் என்றார் டாக்டர். அந்தக் கால் அதற்குப் பிறகு மடங்கவேயில்லை. அண்ணன் டவுனில் பஞ்சர் கடை போட்டார். யாரையும் ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. அந்த மூன்றாவது குரல் எங்கே போயிற்று என்று நாங்கள் இருவரும் பேசிக்கொண்டதுமில்லை.

போன மாசியில், பரளச்சியில் ஒரு விசேஷ வீட்டுக்குப் போய்விட்டு என் மகளோடு வண்டியில் திரும்பும்போது கண்மாய்ப் பக்கம் நிறுத்தினேன். இந்தக் கதை அவளுக்கு அதுவரை தெரியாது. தோப்பு இல்லை. வேர்கூட மிஞ்சாமல் தோண்டி எடுத்துவிட்டார்கள். கம்பிவேலிக்குள் சோலார் தகடுகள் வரிசை வரிசையாக வானத்தைப் பார்த்துக் கிடக்கின்றன. ஓர் இலை இல்லை, ஓர் ஆள் இல்லை, உச்சிவெயில்.

"ஏலே சேகரு!"

இருபது வயசுக் குரல்.

"அப்பா, யாரோ உங்களக் கூப்பிடுறாக" என்றாள் மகள், வேலிக்குள் எட்டிப் பார்த்தபடி.

காத்திருந்தேன். அந்த இடத்தில் மட்டும் பழைய கட்டுப்பாடு விடவில்லை. அடுத்த குரல் வரவில்லை. ஒன்றே ஒன்றுதான், அன்று கேட்ட இரண்டுக்கு அடுத்தது.

"இந்தா வந்துட்டேண்ணே" என்றேன் உரக்க. அதன்பின் வண்டியில் சாய்ந்து நின்று அண்ணனுக்குப் போன் போட்டேன். கடையில்தான் இருந்தார். நடந்ததைச் சொன்னேன்.

"எத்தன தடவடா?"

"ஒரு தடவதாண்ணே."

காற்றடிக்கும் மோட்டாரை அவர் நிறுத்தும் சத்தம் கேட்டது.

"பதில் சொன்னியா?"

"சொன்னேன்."

"அப்பச் சரி" என்றார் அண்ணன்.