பவானிபூர் பிரசவ சங்கத்துக்கு வந்த கடிதம்

கல்கத்தாவில் எனக்கு இரண்டு நாற்காலிகள் இருந்தன. பகலில் சர்க்கார் ஆபீசில் குமாஸ்தா நாற்காலி. சாயங்காலம் பவானிபூரில், ஏழைப் பெண்களுக்குப் பிரசவம் பார்க்கும் ஒரு சின்னச் சங்கத்தில் கௌரவக் காரியதரிசி நாற்காலி. சங்கம் என்றால் இரண்டு அறைகளும் ஒரு மருத்துவச்சியும்தான். அவள் வங்காளி விதவை. பேட்டையில் எல்லோருக்கும் மாஷி, நம் ஊர்ச் சித்தி மாதிரி. ஓர் அறையில் பிரசவம், மற்றதில் மாஷியின் வாசம். வாடகை, அவள் சம்பளம் எல்லாமே சர்க்கார் மானியத்தில் நடந்தன.

ஒரு வருஷம் சர்க்காருக்குச் சிக்கன ஜுரம் வந்தது. சின்னச் சங்கங்களுக்கு மானியத்தை நிறுத்துவதென்று முடிவாயிற்று. எந்தெந்தச் சங்கம் என்ற ஜாபிதா வேறு பிரிவில் தயாராயிற்று. எல்லோருக்கும் பொதுவாகப் போகவேண்டிய கடிதத்தின் டிராப்ட் மட்டும் என்னிடம் வந்தது. நல்ல இங்கிலீஷ் எழுதுகிறவன் என்று ஆபீசில் எனக்குப் பெயர். அந்தப் பெயர் எனக்குச் சம்பளத்தைவிடப் பிடித்திருந்தது.

'நிலைமை சீரானதும் மறுபடி பரிசீலிக்கப்படும்' என்று வழக்கம்போல் முடித்திருந்தேன். எங்கள் ஆபீஸ் வெள்ளைக்காரத் துரை அந்த வரியை அடித்தார். "இது இருந்தால் மாதம் ஒரு மனு வரும். யாரும் திரும்பக் கேட்காதபடி எழுது" என்றார்.

எனக்கு வீம்பு வந்துவிட்டது. மனுப் போடுகிறவன் எதைப் பிடித்துக்கொண்டு தொங்குவான் என்று ஒரு சங்கத்துக் காரியதரிசிக்குத் தெரியாதா? பாதி மானியமாவது கேட்பான், விசேஷக் காரணம் சொல்வான், அவகாசம் கேட்பான். ஒவ்வொன்றையும் முன்கூட்டியே அடைத்தேன். துரை ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை. அன்று டிராமில் வீடு திரும்பும்போது எனக்கு ரொம்பச் சந்தோஷம். எங்கள் சங்கமும் ஜாபிதாவில் இருக்கலாம் என்று தோன்றவேயில்லை. சிக்கனமெல்லாம் யாரோ ஊதாரிகளுக்கு என்று நினைத்திருந்தேன்.

பத்து நாளில் கடிதம் பவானிபூருக்கு வந்தது. எங்கள் தலைவர் வயதான வக்கீல். மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு இரண்டு தரம் படித்தார். "எழுதினவன் கெட்டிக்காரன். ஓட்டையே விடவில்லை" என்றார். மாதக் கடைசியில் அறைகளைக் காலி செய்வதென்று தீர்மானம் ஆயிற்று. அதையும் நான்தான் எழுதினேன்.

மாஷி வாசலில் என்னை நிறுத்தினாள். நாங்கள் வங்காளத்தில்தான் பேசிக்கொள்வோம்.

"பாபு, நீங்களும் அந்த ஆபீஸ்தானே? இதை எழுதினவரை எனக்குக் காட்டுங்க. அவர் வீட்லயும் குழந்தை பொறந்திருக்குமில்ல? சொன்னா கேப்பார்."

என் குழந்தைகள் இரண்டையும் முதலில் கையில் வாங்கினவள் அவள்தான். எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிடப் பயம் அதிகமாக இருந்தது.

"கேக்க மாட்டார், மாஷி."

"அவரை உங்களுக்கு நல்லாத் தெரியுமா?"

"தெரியும்."

"அப்ப சரி. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள். உள்ளே ஒருத்தி வலியில் கூப்பிட்டாள். மாஷி கையைக் கழுவிக்கொண்டு போனாள்.