கொட்டகலையில் மூன்று நாள் தியானமும் என் காலில் ஏறிய அட்டையும்

போன ஆகஸ்டில் கொட்டகலைப் பக்கம் போனோம். சுற்றிப் பார்க்க அல்ல, மூன்று நாள் தியானத்துக்கு. பத்து நிமிடம் ஓரிடத்தில் உட்காராத எனக்கு இதெல்லாம் எதற்கு என்று என்னைத் தெரிந்தவர்கள் கேட்பீர்கள். தேவைப்பட்டது என் மனைவி ஜெசிந்தாவுக்கு. கொழும்பை அடுத்த வத்தளையில் எங்கள் வாடகை வீட்டின் முன்னறையில் பதினான்கு வருடம் அக்கம்பக்கத்துக் குழந்தைகளைப் பகலெல்லாம் பார்த்துக்கொண்டவள் அவள். வீட்டுக்காரர் வீட்டை விற்றார். நாங்கள் இரண்டு அறை வீட்டுக்கு மாறினோம், அந்த வேலையும் நின்றது. அதன் பிறகு ஒன்பது மணியானாலும் எழமாட்டாள். எழுப்பினால், "எந்திரிச்சு என்னங்க செய்ய?" என்பாள். உண்மையைச் சொன்னால் பயந்துபோயிருந்தேன். தியானம் செய்து பார்க்கலாமே என்று டாக்டர்தான் சொன்னார்.

கொழும்பு கோட்டை நிலையத்திலிருந்து காலை 8.30 ரயில். ஹட்டனில் இறங்கும்போது இரண்டு மணி தாண்டிவிட்டது, நல்ல மழை. அங்கிருந்து பதினோரு கிலோமீட்டர், த்ரீவீல் ஆட்டோவுக்கு 1,800 ரூபாய் கொடுத்தோம். பேரம் பேசாதீர்கள், கடைசி இரண்டு கிலோமீட்டர் பாதையைப் பார்த்தால் நீங்களே கூட்டிக் கொடுப்பீர்கள்.

"தியானத்துக்கா அண்ணே போறீங்க?" என்றார் டிரைவர். "எங்க வீட்டுல சொல்லுவாங்க, நீங்க வாய மூடிக்கிட்டு இருந்தாலே அது தியானம்தான்னு."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். ஜெசிந்தா வண்டியின் திறந்த பக்கமாகத் தேயிலையைப் பார்த்தபடி இருந்தாள். அவள் பிறந்து வளர்ந்தது இந்தப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில்தான். அதற்குக்கூட முகம் மலரவில்லை.

பழைய தோட்டத்து உத்தியோகத்தர் வீடொன்றைத் திருத்தி, முன்னாள் தாதி சரோஜாவும் அவர் கணவரும் இந்தத் தியான இல்லத்தை நடத்துகிறார்கள். ஆளுக்கு ஒரு நாளைக்கு 4,500 ரூபாய், சாப்பாட்டோடு. (பருப்பும் கட்டச் சம்பலும் ரொட்டியும். எனக்கு அதுவே பாதி மோட்சம்.) எங்களோடு ஆறு பேர் இருந்தார்கள். ஜெசிந்தா முதலில் கேட்டது, "நான் வேதக்காரி. மாதா கோவிச்சுக்க மாட்டாங்களா?" என்றுதான்.

"யாரையும் கும்பிடச் சொல்லல அக்கா. மூச்சு வருது, போகுது. அத மட்டும் பாருங்க" என்றார் சரோஜா.

முதல் நாள் எனக்கு முழங்கால் வலியிலேயே போனது. இரண்டாம் நாள் காலை, ஈரப் புல்லில் நடந்து தியானக் கூடத்துக்குப் போய் உட்கார்ந்தோம். உடம்பில் என்ன தோன்றினாலும் அசையாமல் கவனியுங்கள் என்றார் சரோஜா. சிறிது நேரத்தில் என் கணுக்காலில் குளுகுளுவென்று ஏதோ ஊர்ந்தது. நான் அசையவில்லை. பிறகு இளஞ்சூடாக ஒரு கசிவு. ஆகா, வந்த இரண்டாம் நாளே நமக்குச் சித்தித்துவிட்டது என்று உள்ளுக்குள் ஒரே பெருமை.

"ஐயோ, அட்டைங்க!"

ஜெசிந்தாவின் குரல். கண்ணைத் திறந்தால் என் வெள்ளைக் காற்சட்டையில் இரத்தம், அதன் நடுவே கொழுத்த அட்டை. நான் ஞானி மாதிரி அமர்ந்திருந்த கோலத்தைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு பீறிட்டது. வாயைப் பொத்தினாள், முடியவில்லை. கண்ணில் நீர் வர, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். கூடமே சிரித்தது. எட்டு மாதமாக நான் கேட்காத சத்தம் அது. என் இரத்தம் முழுவதையும் அந்த அட்டை குடித்திருந்தாலும் எனக்குச் சம்மதமே.

"சிரிச்சு முடிங்க. அப்புறம் மூச்சுக்கு வாங்க" என்றார் சரோஜா. சிரித்து முடித்து மறுபடி உட்கார்ந்தோம்.

அன்று மாலை ஜெசிந்தா தானாகவே சொன்னாள். "கண்ண மூடுனா அழுகதான் வரும்னு நெனச்சேங்க. புள்ளைங்க சத்தமெல்லாம் காதுல கேட்டுச்சு. அது பாட்டுக்கு வந்துச்சு, போயிருச்சு. நல்லா இருந்துச்சு."

மறுநாள் ஐந்து மணிக்கு யாரோ என் போர்வையை இழுத்தார்கள். ஜெசிந்தா! கையில் ஒரு சவுக்காரக் கட்டி. "எந்திரிங்க. எல்லாரும் நடக்க முந்தி இத கால்ல தேச்சு விடணும், அப்பத்தான் அட்ட ஏறாது. இவங்களுக்கு ஒண்ணும் தெரியல" என்றாள். கூடத்து வாசலில் நின்று ஒவ்வொருவர் காலையும் பார்த்துத்தான் வெளியே விட்டாள். கொழும்பு வங்கி அதிகாரி ஒருவர் குழந்தை மாதிரி காலை நீட்டிக்கொண்டு நின்றார்.

தியானம் வாழ்க்கைக்கு அர்த்தம் தருமா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. அவளுக்குள் அடைத்துக்கொண்டிருந்த எதையோ அது கொஞ்சம் நகர்த்தியது. மிச்சத்தை அவளே பார்த்துக்கொண்டாள். டாக்டரிடம் போவதையும் நாங்கள் நிறுத்தவில்லை, நீங்களும் நிறுத்தாதீர்கள்.

போகிறவர்களுக்கு: ஜனவரியிலிருந்து மார்ச் வரை மழை குறைவு, அட்டையும் குறைவு. தடித்த காலுறை, கம்பளிச் சட்டை, சவுக்காரம் கட்டாயம். முழங்கால் வலி உள்ளவர்கள் கூச்சப்படாமல் நாற்காலி கேளுங்கள், தருவார்கள். வெள்ளைக் காற்சட்டை வேண்டவே வேண்டாம்.

இதை எழுதும்போது ஜெசிந்தா வீட்டில் இல்லை. புதிதாக வருகிறவர்களைக் கவனித்துக்கொள்ளச் சரோஜா கூப்பிட்டிருக்கிறார். இது மூன்றாவது தடவை, தனியாகவே ரயிலேறிப் போனாள். முன்பெல்லாம் அவள் போனை எடுக்காவிட்டால் நான் என் கடையை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடுவேன். இன்று காலை மூன்று தடவை அடித்தேன், எடுக்கவில்லை. வேலையாக இருப்பாள் என்று நினைத்துக்கொண்டு, சந்தோஷமாக இன்னொரு தேத்தண்ணி ஊற்றிக் குடித்தேன்.