அரையிறுதிக்குப் போக வேண்டிய பஸ்

என்னிடம் பொறுமை கிடையாது. உடற்கல்வி ஆசிரியைக்குப் பொறுமை எதற்கு, விசில் போதாதா என்று நினைக்கிற ஆள் நான். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் எனக்கு என்ன பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள் என்பதும் தெரியும். அப்படிப்பட்ட என் தலையில்தான், பதினேழு வயதுக்குட்பட்ட பெண்கள் கால்பந்துப் போட்டி எங்கள் பக்கம் நடந்தபோது, ஒரு வெளிநாட்டு அணியைக் கட்டினார்கள். சுற்றுப்புற நாடுகளிலிருந்து அணிகள் வந்திருந்தன. எனக்கு வாய்த்தது ஒரு மலைநாட்டு அணி. நேரத்துக்குச் சாப்பிட வைத்து, நேரத்துக்கு மைதானத்தில் கொண்டு சேர்ப்பது என் வேலை. அவர்களுடைய பயிற்சியாளர் என் வயதுப் பெண். அவருக்கும் அரைகுறை இந்தி, எனக்கும் அரைகுறை இந்தி. இரண்டையும் சேர்த்தால் ஒரு முழு இந்தி தேறும்.

அரையிறுதியில் அவர்களுக்கு எதிரணி இந்தியா. ஜெயித்தால் இறுதியாட்டம், தோற்றால் மறுநாள் விமானம். நான் யார் பக்கம் என்பதில் சந்தேகமே இருக்கக் கூடாதுதான். ஆனால் வந்த நாளிலிருந்து அந்தப் பிள்ளைகளோடு சாப்பிட்டு, அவர்களுக்குத் தயிர்சாதம் பழக்கி, கால் பிசகியவளுக்கு ஐஸ் வைத்துவிட்டு, மனசு இரண்டாகக் கிடந்தது. யார் ஜெயித்தாலும் அழுவேன் என்று தோன்றியது.

தங்கியிருந்த ஓட்டல் ஸ்ரீபெரும்புதூரில். மைதானம் ஒரகடம் தாண்டி, சிங்கப்பெருமாள் கோவில் போகிற சாலையில் ஒரு கல்லூரிக்குள். கம்பெனிகளுக்கு ஷிப்ட் பஸ் ஓட்டுகிற ஒரு டிராவல்ஸிலிருந்துதான் அணிகளுக்கும் வண்டி வந்தது. அன்று வழக்கமான டிரைவர் வரவில்லை. அவருக்குப் பதிலாக வந்தவர் ஐம்பதை நெருங்கிய, ஒல்லியான, அதிகம் பேசாத மனிதர். மணிமங்கலத்துக்காரர்.

"இன்னிக்கு இந்த டூட்டிய நானே கேட்டு வாங்கினு வந்தேன் மேடம்" என்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றைய மத்தியானம் வேறு மாதிரி போயிருக்கும்.

ஒரகடத்தை நெருங்கும்போது சாலையோரம் ஒரு பெரிய ஃப்ளெக்ஸ். இந்திய ஜெர்சியில் ஒரு பெண் பந்தின்மேல் கால் வைத்து நின்றாள். 'மணிமங்கலத்தின் மகளே, கோல் மழை பொழிக! இவண்: ஷிப்ட் பஸ் ஓட்டுநர்கள்' என்று எழுதி, கீழே வரிசை வரிசையாகப் பாஸ்போர்ட் அளவு முகங்கள். கோல் போடப் போகிறவள் ஒருத்தி, போஸ் கொடுக்கிறவர்கள் இத்தனை பேரா என்று எனக்குச் சிரிப்பு வந்தது. டிரைவர் அந்த இடத்தில் வண்டியை மெதுவாக்கினார். மாடு ஏதாவது குறுக்கே வந்திருக்கும் என்று நினைத்தேன்.

அடுத்து அவர் இடது பக்கம் திரும்பினார்.

ஒரு பெரிய இரும்பு கேட். எங்கள் கண்ணாடியில் ஒட்டியிருந்த கம்பெனி ஸ்டிக்கரைப் பார்த்ததும் செக்யூரிட்டி பழக்கதோஷத்தில் தடுப்பைத் தூக்கி, சல்யூட் வேறு அடித்தார். வண்டி உள்ளே போய், ஏற்கெனவே நின்றிருந்த பஸ் வரிசையின் கடைசியில் அழகாக நின்றது. டிரைவர் ஹேண்ட் பிரேக்கை இழுத்தார். பிறகுதான் தன் கையைத் தானே பார்த்தார்.

"ஐயோ" என்றார்.

"என்னண்ணே, இங்க எதுக்கு வந்தோம்?"

"கை தானா திரும்பிடுச்சு மேடம். தெனம் இந்நேரத்துக்கு ஷிப்ட் வுடும்போது இங்கதான் வருவேன். அதே பழக்கத்துல..."

நான் கத்தியதை இங்கே எழுத முடியாது. பின்பக்கம் போகலாமென்றால், அதற்குள் நாலைந்து பஸ்கள் எங்களுக்குப் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டிருந்தன. ஒரு பக்கம் கம்பி வேலி, ஒரு பக்கம் கால்வாய். முன்னால் நின்ற பஸ்களோ ஷிப்ட் முடிந்து ஆட்கள் ஏறினால்தான் நகரும். இறங்கி நடக்கலாமென்றால், அடையாள அட்டை இல்லாமல் ஒருவரையும் யார்டுக்குள் நடக்கவிட மாட்டோம் என்றார் அங்கிருந்த செக்யூரிட்டி. போட்டி நடத்துகிறவர்களுக்குப் போன் போட்டேன். குறித்த நேரத்துக்குமேல் கால் மணி நேரம் பார்ப்போம், அதற்குள் வரவில்லையென்றால் வாக்ஓவர், ஆடாமலேயே எதிரணிக்கு வெற்றி, விதி விதிதான் மேடம் என்று சொல்லி வைத்துவிட்டார்கள். பின்னால் அந்தப் பிள்ளைகள் ஒன்றும் புரியாமல் ஜன்னல் வழியே பஸ்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். காப்டன் மட்டும் என் முகத்தையே பார்த்தாள்.

அப்போது டிரைவரின் போன் அடித்தது. அவசரத்தில் ஸ்பீக்கரை அமுக்கிவிட்டார். இந்திய அணியை ஏற்றிப்போன பஸ்ஸின் டிரைவர் பேசினார்.

"இன்னா மச்சான், எங்க கீற? உன் பொண்ணு கிரவுண்டுல எறங்கி ஓடிகினு கீது. நீ இன்னும் வர்ல?"

பஸ்ஸுக்குள் எனக்குமட்டும்தான் அது புரிந்தது. ஃப்ளெக்ஸில் பார்த்த பெண்ணின் மூக்கு, இந்த மனிதரின் முகத்தில் அப்படியே இருந்தது.

"உங்க பொண்ணா?" என்றேன். "இந்தியா டீம்ல ஆடுறது உங்க பொண்ணா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "கிரவுண்டுக்குள்ள போய்ப் பாக்கலாம்னுதான் இந்த டூட்டிய வாங்கினேன் மேடம். அது ஆடி நான் பாத்ததே இல்ல. எப்பவும் ஷிப்ட் இருக்கும்."

நான் நம்பவில்லை. ஒரு நொடிகூட நம்பவில்லை. இந்த வண்டி போகாவிட்டால் அவர் மகள் ஆடாமலேயே இறுதியாட்டத்துக்குப் போய்விடுவாள். எந்த அப்பனுக்குத்தான் கை தானாகத் திரும்பாது? பயிற்சியாளர் என்னிடம், போனில் என்ன சொன்னார்கள் என்று கேட்டார். டிராஃபிக் என்றேன். வேறு என்ன சொல்வது? உண்மையைச் சொன்னால் அது ஒரு பஸ்ஸோடு முடிகிற விஷயமா?

டிரைவர் கதவைத் திறந்து இறங்கி, வரிசையின் முன்னால் ஓடினார். நானும் ஓடினேன். என்னைத் தடுக்க வந்த செக்யூரிட்டி என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார்.

முதல் பஸ்ஸின் நிழலில் டிரைவர்கள் கூடி நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். அத்தனையும் ஃப்ளெக்ஸில் பார்த்த முகங்கள். எங்கள் ஆள் மூச்சிரைக்க விஷயத்தைச் சொல்லி, "கொஞ்சம் வண்டிய எடுத்து வெளிய வுடுங்கப்பா, நான் போயிடறேன்" என்றார்.

முதல் பஸ்காரர் பெரிய மீசைக்காரர். பாக்கை ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டு சிரித்தார். "இன்னாத்துக்கு அவசரம்? லேட்டாவட்டுமே. நம்ம பொண்ணு குந்தின எடத்துலயே ஃபைனலுக்குப் போயிடும். நீ ஒண்ணும் பண்ணாத. சும்மா நில்லு. நாங்க பாத்துக்கறோம்."

மற்றவர்களும் சிரித்து எங்கள் ஆளின் தோளில் தட்டினார்கள். ஒருவர் டீ சொல்லட்டுமா என்று கேட்டார். அவர்கள் பகையாளிகளாக இருந்திருந்தால் எனக்குச் சண்டை போடத் தெரியும். இவர்கள் பாசத்தால் வழிமறித்துக்கொண்டு நின்றார்கள். பாசத்தோடு சண்டை போட எனக்குத் தெரியாது.

ஆனால் அந்த ஒல்லி மனிதருக்குத் தெரிந்தது. மீசைக்காரரின் சட்டையைப் பிடித்துவிட்டார்.

"அது ஆடிக் கெலிக்கணும்யா! ஆடாத கெலிச்சா இன்னா மூஞ்சிய வெச்சுகினு வூட்டுக்கு வரும்? அப்பன் பஸ்ஸ நிறுத்தினான், பொண்ணு ஃபைனல் போச்சுன்னு ஒருத்தன் சொன்னா போதும், அதுக்கப்புறம் அது பந்தையே தொடாது. நீ வந்து அதுக்குப் பதில் சொல்லுவியா? எடுய்யா வண்டிய!"

குரல் உடைந்து, கடைசி வார்த்தை அழுகையாகத்தான் வந்தது. அந்த நேரம் பார்த்து ஷிப்ட் முடிகிற சங்கு ஊதியது. கம்பெனி வாசலிலிருந்து ஆட்கள் ஆறுபோல வந்தார்கள். எங்கள் பஸ்ஸைத் தங்கள் ரூட் பஸ் என்று நினைத்து, சீருடைப் பெண்கள் நாலு பேர் ஏறி, உள்ளே டிராக்சூட் போட்ட வெளிநாட்டுப் பிள்ளைகளைப் பார்த்து, "ஐயே, இன்னாடி இது" என்று அலறி இறங்கினார்கள்.

மீசைக்காரர் சட்டையை விடுவித்துக்கொண்டு பாக்கைத் துப்பினார். ஏறி உட்கார்ந்து ஆளில்லாத பஸ்ஸை எடுத்தார். அவர் பின்னால் அடுத்தது, அதன் பின்னால் அடுத்தது. தங்கள் பஸ் காலியாகப் போவதைப் பார்த்த தொழிலாளர்கள் திட்டிக்கொண்டே பின்னால் ஓடினார்கள். நாங்கள் திரும்பி ஓடி வந்து ஏறினோம்.

வெளியே சாலையில் கன்டெய்னர் லாரிகள் இடமே கொடுக்கவில்லை. பயிற்சியாளர் பிள்ளைகளை ஓடுகிற பஸ்ஸிலேயே ஜெர்சி மாற்றச் சொன்னார். நான் டிரைவரிடம் சொல்ல வாயெடுப்பதற்குள், அவரே தலைக்கு மேலிருந்த கண்ணாடியைக் கூரையைப் பார்க்கத் திருப்பிவிட்டார். ஹாரன்மேல் வைத்த கையை எடுக்கவேயில்லை. அப்போதும் எனக்கு அவர்மேல் முழு நம்பிக்கை வரவில்லை. மாட்டிக்கொண்ட பிறகு நல்லவராகிறார் என்றே ஒரு மூலையில் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கல்லூரி வாசலில் இந்திய ஜெர்சி போட்ட ஒரு பெண் தனியாக நின்று சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் பஸ்ஸைக் கண்டதும் திரும்பி உள்ளே ஓடினாள். கால் மணி நேரக் கெடு முடிய அதிக நேரம் இருந்திருக்காது. நடுவர் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். எங்கள் பிள்ளைகள் லேஸைக் கட்டிக்கொண்டே இறங்கி ஓடினார்கள்.

ஆட்டம் ஏறக்குறைய கடைசிவரை கோல் இல்லாமல் இழுத்தது. டிரைவர் உள்ளே வரவில்லை. நான் கூப்பிட்டும் வரவில்லை. பஸ் படிக்கட்டில் ஏறி நின்று சுவருக்கு மேலாகப் பார்த்தார். அவர் மகள் அடித்த ஒரு பந்து கோல் கம்பத்தில் பட்டுத் திரும்பியது. மைதானமே ஐயோ என்றது, நானும்தான். அடுத்த கொஞ்ச நேரத்தில் மலைநாட்டுக் காப்டன் ஒன்று போட்டாள். அவ்வளவுதான், முடிந்தது. நான் ஒரு கண்ணில் சந்தோஷமும் ஒரு கண்ணில் துக்கமுமாக அழுதேன்.

பிள்ளைகளை ஏற்றுவதற்காக நான் பஸ் பக்கம் வந்தபோது டிரைவரின் மகளும் வந்தாள். முழங்காலில் புல் ஒட்டியிருந்தது, முகம் வீங்கியிருந்தது. அப்பா அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. வேண்டுமென்றே செய்தாயா என்று கேட்கப் போகிறாள் என்று நினைத்தேன்.

"இன்னாப்பா, கம்பெனிக்குள்ள வுட்டுட்டியா?" என்றாள்.

அவர் தலையாட்டினார்.

"எனக்குத் தெரியும். எல்லாரும் டீம் வர்லன்னு சொன்னப்பவே தெரியும். மொத செலக்ஷனுக்கு என்னிய வண்டியில கூட்டினு போனப்பவும் அங்கதானே போய் நின்ன?" அழுதுகொண்டே சிரித்தாள். "வந்துட்ட இல்ல, அது போதும். நீ வராத போயிருந்தா உன்னாண்ட பேசியே இருக்க மாட்டேன்."

அவர் துண்டை எடுத்து அவள் முகத்தைத் துடைத்தார். அவளுடைய பஸ்ஸிலிருந்து கூப்பிட்டார்கள், போய்விட்டாள். நான் அவரைப் பற்றி நினைத்ததெல்லாம் நெஞ்சில் கல்லாகக் கிடந்தது.

திரும்பி வரும்போது பிள்ளைகள் சீட்டைத் தட்டித் தட்டிப் பாடினார்கள். ஒரகடத்துக்கு இந்தப் பக்கமும் அதே ஃப்ளெக்ஸ் ஒன்று தெரிந்தபோது பயிற்சியாளர், கம்பத்தில் அடித்தது இந்தப் பெண்தானே என்று கேட்டார். இந்தத் தடவை நான் எதையும் மறைக்கவில்லை. அது இவர் மகள் என்றேன். பஸ் வரிசையில் அவர் என்ன சொன்னார் என்பதையும் முடிந்தவரை சொன்னேன். பயிற்சியாளர் எழுந்து பின்னால் போய்ப் பிள்ளைகளிடம் ஏதோ பேசினார். பாட்டு சட்டென்று நின்றது. அத்தனை தலைகளும் டிரைவரின் முதுகைப் பார்த்தன.

டிரைவர் என் பக்கம் திரும்பினார்.

"இன்னா மேடம், பாட்ட நிறுத்திட்டாங்க? பாடச் சொல்லுங்க. ஆடிக் கெலிச்ச புள்ளைங்க எதுக்கு வாய மூடிகினு வரணும்?"

சொன்னேன். முதலில் காப்டன்தான் மெதுவாகப் பாட ஆரம்பித்தாள். அவர் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, கம்பெனி கேட்டைத் தாண்டி நேராக ஓட்டினார்.